சொன்ன பேச்சைக் கேட்கும் கேமரா

"அண்ணா, 12 மெகாபிக்சல் போதுமா, இல்ல இன்னும் மேல போகணுமா?"

போன மாதம் என்னைத் தேடி வந்த ஒரு மாணவர் குழு கேட்ட முதல் கேள்வி இது. நான்கு பேர். ஷூ பெட்டி அளவில் சக்கரம் வைத்த வண்டி ஒன்று செய்கிறார்கள். சுவரில் அங்கங்கே ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களைப் பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்று வண்டி தானே கண்டுபிடித்து நகர வேண்டும். கையில் இருப்பது கொஞ்சப் பணம்தான். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் போனது போக மிஞ்சுவதில்தான் கேமரா. கேள்வி கேட்டது வண்டிக்குக் கம்ப்யூட்டர் கோடு (code) எழுதும் பெண். மற்ற மூவரும் பின்னால் நின்று தலையாட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாணவனாக இருந்தபோது இதே கேள்வியை ஒரு சீனியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேமராவை வாங்கியும் விட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட் ஒரு கன்வேயர் பெல்ட். அதன் மேல் 40 மில்லிமீட்டர் சதுர மரக்கட்டைகள் வரும். சிவப்பு, பச்சை, நீலம். மேலே தொங்கும் கேமரா நிறத்தையும் இடத்தையும் சொல்ல, பக்கத்தில் நிற்கும் ரோபோ கை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் டப்பாவில் போட வேண்டும். 1080பி வெப்கேம் ஒன்று வாங்கினோம். 1920 பிக்சல் அகலம். ஃபோகஸ் தானாக, வெளிச்சம் தானாக, நிறம் தானாக. அட்டைப்பெட்டியில் அந்தத் 'தானாக'வைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், நாங்களும் அதில்தான் மயங்கினோம்.

மேசை மேல் கட்டையை வைத்துப் பார்த்தபோது மர ரேகைகூடத் தெரிந்தது. பெல்ட்டை ஓடவிட்டதும் கட்டைகளுக்கு வால் முளைத்துவிட்டது. ஓரம் எது, நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. சதுரம் லேசாகச் சாய்ந்து வேறு நின்றது. ரோபோ கை கட்டைக்கு அரை விரல் தள்ளிப் போய், காற்றைப் பிடித்து, அதைப் பத்திரமாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது.

உடனே ரோலிங் ஷட்டரைத் திட்டினோம். அப்போதுதான் அந்தச் சொல்லைக் கற்றிருந்தோம், அதனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். விஷயம் இதுதான்: விலை குறைந்த சென்சார்கள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டு கீழே இறங்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 33 மில்லிசெகண்ட் வரைகூட இடைவெளி வரலாம். எங்கள் பெல்ட் நொடிக்கு 300 மில்லிமீட்டர் ஓடியது. 33 மில்லிசெகண்டில் 10 மில்லிமீட்டர். படத்தின் உயரம் பெல்ட்டில் 160 மில்லிமீட்டரைப் பிடித்தது. ஒரு கட்டை அதில் கால் பங்கு. ஆக ஒரு கட்டையின் தலைக்கும் காலுக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர் சாய்வு.

ஆனால் அந்தச் சாய்வு ஒரு தீராத வியாதி இல்லை. பெல்ட் ஒரே வேகத்தில் ஓடுகிறது, வரிசைக்கு வரிசை எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். கட்டையின் மையம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதற்கான நேரத்தை வேகத்தால் பெருக்கிக் கழித்தால் சரியான இடம் வந்துவிடும். ஒரு வரி கோடு. இதை நாங்கள் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. எழுதிப் பார்த்துவிட்டுக் குதித்தோம். ஆனாலும் கை காற்றைத்தான் பிடித்தது.

மிச்சமிருந்த குற்றவாளி எக்ஸ்போஷர். லேப் வெளிச்சம் கேமராவுக்குப் போதவில்லை. அதனால் அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கண்ணை முழுதாக 33 மில்லிசெகண்ட் திறந்து வைத்திருந்தது. அதற்குள் கட்டை 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அந்த 10 மில்லிமீட்டரும் ஒரே தீற்றலாகப் படத்தில் பதியும். 16:9 படத்தில் 160 மில்லிமீட்டர் உயரம் என்றால் அகலம் சுமார் 284. அதை 10 மில்லிமீட்டர் தீற்றலால் வகுத்துப் பாருங்கள். ஓடும் திசையில் எங்களுக்கு உண்மையில் கிடைத்தது 28 பிக்சலுக்குச் சமமான விவரம். 1920 வாங்கினோம், 28 கிடைத்தது.

எக்ஸ்போஷரை 2 மில்லிசெகண்டுக்கு இறக்கினால் தீற்றல் 0.6 மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் கேமராவுக்குள் போகும் வெளிச்சமும் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சென்சார் தரும் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கூட்டினால் படம் முழுக்க மணல் தூவிய மாதிரி இரைச்சல். வேறு வழியில்லை, வெளிச்சத்தைத்தான் கூட்ட வேண்டும். எல்இடி பட்டை நான்கை பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே கட்டி, பளபளப்பு அடிக்காமல் இருக்க முன்னால் ட்ரேசிங் பேப்பர் ஒட்டினோம். அறை விளக்கு விழாமல் மேலே அட்டையால் ஒரு கூண்டு. பேட்டரியில் எரியும் எல்இடியே போட்டதற்குக் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகளில் பல நொடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. நம் கண்ணுக்குத் தெரியாது. 2 மில்லிசெகண்ட் ரோலிங் ஷட்டருக்கு நன்றாகவே தெரியும். படத்தில் இருட்டுப் பட்டைகள் மாடிப்படி மாதிரி ஏறி இறங்கும்.

அந்தக் கூண்டுக்கும் பட்டைக்கும் ஆன செலவு கேமராவில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. முதல் நாளே அதைச் செய்திருந்தால் இன்னும் மலிவான கேமராவே போதுமாக இருந்திருக்கும்.

சரி, எல்லாம் ஓடியது. டெமோ நாள் வந்தது. மதிப்பீட்டுக்கு வந்தவர் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஆர்வமாகக் குனிந்து, "இது என்ன கட்டை?" என்று கூண்டுக்குள் கையை நீட்டினார். எக்ஸ்போஷரை நாங்கள் பூட்டியிருந்தோம். அன்று காலை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதில் கேமரா பழையபடி 'தானாக' நிலைக்குத் திரும்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளைக் கை உள்ளே வந்ததும், 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று கேமரா படத்தை இருட்டாக்கியது. சிவப்பு பழுப்பானது. என் கோடு பழுப்பை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. மூன்று சிவப்புக் கட்டைகள் வரிசையாகப் பெல்ட் முனையைத் தாண்டி அவர் ஷூ மேலேயே விழுந்தன. கையை எடுத்தார். இப்போது கேமராவுக்கு எல்லாம் இருட்டாகத் தெரிய, வெளிச்சத்தை ஏற்றியது. பச்சை வெளிறியது. அதற்குள் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியும் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. மதிப்பெண் கிடைத்தது, பரிதாபத்துக்கு.

அன்றிலிருந்து கேமரா விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: அது சொன்ன பேச்சைக் கேட்குமா? வீடியோ அழைப்புக்கென்று செய்த கேமராவின் வேலை நம் முகத்தை அழகாகக் காட்டுவது. அதற்காக அது கணத்துக்குக் கணம் முடிவெடுத்துக்கொண்டே இருக்கும். ரோபோவுக்கு அழகு வேண்டாம். நேற்று சிவப்பாகத் தெரிந்தது இன்றும் அதே சிவப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்த நால்வரிடமும் சொன்னேன். "அப்ப மெகாபிக்சல்?" என்றாள் அந்தப் பெண், விடாமல். ஒரு தாளை எடுத்து அவர்கள் வண்டிக்கே கணக்குப் போட்டோம்.

அவர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தின் பெயர் ஏப்ரல்டேக், சுருக்கமாக டேக். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மாணவர்களுக்கான 'ஃபர்ஸ்ட்' (FIRST) ரோபாட்டிக்ஸ் போட்டிக் களத்தில்கூட 2023 முதல் இதை வைக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் 36எச்11 வகையில், கறுப்பு விளிம்பையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 8 கட்டம். டேக் 100 மில்லிமீட்டர் என்றால் ஒரு கட்டம் 12.5 மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கட்டம் கேமராவின் கண்ணில் கிட்டத்தட்ட அரை டிகிரி.

"வண்டி என்ன வேகத்துல திரும்பும்?"

"நொடிக்கு 90 டிகிரி இருக்கும்ணா."

10 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர் என்றால் அதற்குள் 0.9 டிகிரி திரும்பிவிடும். ஏறக்குறைய இரண்டு கட்டம் ஒன்றோடொன்று குழைந்துபோகும், டேக்கைப் படிக்கவே முடியாது. 2 மில்லிசெகண்ட் என்றால் 0.18 டிகிரி, அரைக் கட்டத்துக்கும் குறைவு. படிக்கலாம். "இந்தக் கணக்குல மெகாபிக்சல் எங்க வந்துச்சு?" என்றேன். தாளை மேலும் கீழும் பார்த்தாள். எங்கேயும் வரவில்லை. பிக்சலை இரட்டிப்பாக்கினால் கட்டமும் இரண்டு மடங்கு பிக்சலில் விழும், தீற்றலும் இரண்டு மடங்கு பிக்சலுக்கு நீளும். வண்டி அசையாமல் நிற்கும்போதுதான் கூடுதல் பிக்சலுக்கு மரியாதை.

நிற்கும்போதும் எவ்வளவு வேண்டும்? 60 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸ், 640 பிக்சல் என்றால் ஒன்றரை மீட்டரில் அந்த டேக் சுமார் 37 பிக்சல் அகலம் வரும். கட்டத்துக்கு நாலரைப் பிக்சல். படிக்கத் தாராளம். 1280 இருந்தால் இரண்டு மடங்கு தூரத்திலிருந்தும் படிக்கும். 12 மெகாபிக்சல் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளை வண்டியில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் சல்லடை போட வேண்டும். அது திணறும், கடைசியில் நாமே படத்தைச் சுருக்கிக் கொடுப்போம்.

அவர்கள் வண்டிக்கு ரோலிங் ஷட்டர் உண்மையாகவே ஆகாது. என் பெல்ட் மாதிரி ஒரே வேகம் இல்லை. வண்டி திரும்பும், நிற்கும், தரையின் சின்ன மேடு பள்ளத்தில் குலுங்கும். சதுரம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு விதமாகக் கோணும், அந்தக் கோணலை 'சாய்ந்து நிற்கும் டேக்' என்று கணக்கு நம்பிவிடும். இங்கே குளோபல் ஷட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. அதில் எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வாங்கி, ஒரே நேரத்தில் பக்கத்து மறைவறைக்கு அதை மாற்றிவிடும். அப்புறம் வரிசையாக நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். அந்த மறைவறைக்கு இடம் வேண்டும் என்பதும் குளோபல் ஷட்டர் சென்சார்களில் பிக்சல் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம். எண்ணிக்கையைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நிறமும் அவர்களுக்குத் தேவையில்லை, டேக்கே கறுப்பு வெள்ளை. வண்ணச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மேல் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதோ ஒரு வடிகட்டி உட்கார்ந்து, வருகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கறுப்பு வெள்ளைச் சென்சாரில் அது இல்லை. 2 மில்லிசெகண்டில் படம் எடுக்க நினைப்பவருக்கு அந்த வெளிச்சம் இலவசமாக வந்த மாதிரி.

ஆக ஓவி9281 சென்சார் வைத்த யூஎஸ்பி போர்டு கேமரா என்று முடிவுக்கு வந்தோம். 1280க்கு 800, கறுப்பு வெள்ளை, குளோபல் ஷட்டர், பிக்சல் 3 மைக்ரான். மாணவர் ரோபோக்களில் இது ரொம்பப் பழகிய முகம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருப்பவர்களுக்கு 2023இல் வந்த குளோபல் ஷட்டர் கேமராவும் உண்டு: ஐஎம்எக்ஸ்296 சென்சார், 1456க்கு 1088, 3.45 மைக்ரான் பிக்சல், லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். இவர்கள் வண்டியில் இருப்பது வேறு போர்டு என்பதால் யூஎஸ்பி.

யூஎஸ்பியில் ஒரு கணக்கு உண்டு. யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் என்பார்கள், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 40 தாண்டுவதே அபூர்வம். 1280க்கு 720 வண்ணப் படம், பிக்சலுக்கு 2 பைட், நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 55 மெகாபைட். குழாயில் போகாது. அதனால்தான் பல வெப்கேம்கள் சுருக்காத படத்தை நொடிக்கு 10 ஃப்ரேம்தான் தருகின்றன. 30 வேண்டுமென்றால் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும். சுருக்கியதை விரிக்க நம் பக்கம் வேலை, ஓரங்களில் கசிவு வேறு. டேக்கின் ஓரத்தை வைத்துத்தானே இடம் கணிக்கிறோம்? 640க்கு 480, கறுப்பு வெள்ளை, 60 ஃப்ரேம் என்றால் 18 மெகாபைட்தான். கேமரா சுருக்காத கறுப்பு வெள்ளை தருமானால் தாராளமாகப் போகும்.

குழுவில் ஒருவன் பழைய தொழிற்சாலைக் கேமரா ஒன்றைப் பழைய சாமான் விலைக்குப் பார்த்து வைத்திருந்தான். உலோக உடம்பு, கனம், பெரிய பெயர். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்படி ஒன்றை நானும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் பார்த்தால், தொழிற்சாலைக் கேமராக்களுக்கென்றே உள்ள 'கேமரா லிங்க்' பிளக். அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க, படத்தை வாங்கித் தரும் ஃப்ரேம் கிராபர் என்ற தனி அட்டை வேண்டும். அட்டை கேமராவை விட விலை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஃபயர்வயர் பிளக் வைத்த பழசும் இதே கதைதான். ஜிகாபிட் ஈதர்நெட் அல்லது யூஎஸ்பி 3, அதிலும் ஜிக்இ விஷன், யூஎஸ்பி3 விஷன் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவது என்றால் பழசையும் தைரியமாக எடுக்கலாம், எக்ஸ்போஷர் முதல் எல்லாம் நம் கையில். இவன் பார்த்து வைத்திருந்ததில் பிளக்கின் படமே இல்லை. விட்டுவிடச் சொன்னேன்.

கேமராவுக்குள்ளேயே கணக்குப் போடும் ஓப்பன்எம்வி, பிக்ஸி மாதிரியானவையும் நல்லவைதான். தரையில் போட்ட கோட்டைப் பின்தொடர, ஒரு நிறப் பந்தைத் துரத்த, தனிக் கம்ப்யூட்டர் இல்லாத வண்டிக்கு அதுவே போதும். இவர்கள் வண்டியில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது.

லென்ஸை மாணவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கணக்கு ஒரு வரி: சென்சார் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, பார்க்க வேண்டிய அகலத்தால் வகுத்தால் குவியத் தூரம். ஓவி9281இன் அகலம் 3.84 மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டரில் 1.8 மீட்டர் அகலம் தெரிய வேண்டுமென்றால் 3.2 மில்லிமீட்டர் லென்ஸ். எம்12 லென்ஸ் என்பது திருகிப் பொருத்தும் சின்னக் குப்பி, திருகினால்தான் ஃபோகஸ். வண்டி குலுங்கக் குலுங்க அதுவும் மெல்லத் திருகிக்கொண்டு போகும், ஒரு வாரம் கழித்து 'ஏன் மங்கலாக இருக்கிறது' என்று புரோகிராமைத் துருவிக்கொண்டிருப்போம். ஃபோகஸ் சரியானதும் திருகாணியின் ஓரத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது கீறி எடுத்துவிடலாம். தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ் இங்கே வேண்டவே வேண்டாம். ஃபோகஸ் மாறும்போது படத்தின் அளவும் இம்மியளவு மாறும். சதுரங்கக் கட்டப் பலகையைக் காட்டிக் லென்ஸின் அளவுகளைக் கஷ்டப்பட்டுக் கணித்து வைத்த கேலிபரேஷன் அத்தோடு போச்சு. பெரிய லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம், சி மவுண்ட் என்ற பொருத்து முறைக்கு 17.526 மில்லிமீட்டர், சிஎஸ் மவுண்டுக்கு 12.526. நடுவே உள்ள 5 மில்லிமீட்டர்தான் டப்பாவில் வரும் அந்த வளையம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஃபோகஸ் ஆகவில்லை என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேமரா வந்த அன்று நால்வரும் அப்படியே என்னிடம் கொண்டுவந்தார்கள். முதலில் லினக்ஸில் அதன் கட்டுப்பாடுகளைப் பட்டியல் எடுத்தோம். எக்ஸ்போஷரைக் கைமுறைக்கு மாற்றி 20 என்று கொடுத்தோம். யூஎஸ்பி வீடியோ தரத்தில் இந்த எண் 100 மைக்ரோசெகண்ட் அலகு. 20 என்றால் 2 மில்லிசெகண்ட். பட்டியலில் காட்டிவிட்டு, சொன்னால் கேட்காத கேமராக்களும் இருக்கின்றன, அதனால் எண்ணை 20, 40, 80 என்று ஏற்றிப் படம் படிப்படியாக வெளுக்கிறதா என்று பார்த்தோம். வெளுத்தது. அப்புறம் ஓடும் மின்விசிறியைக் காட்டினோம். ரோலிங் ஷட்டராக இருந்தால் இறக்கை அரிவாள் மாதிரி வளையும். இங்கே நேராக நின்றது. கேமராவுக்கு முன்னால் வெள்ளைத் தாளை ஆட்டினேன், பின்னாலிருந்த சுவரின் வெளிச்சம் அசையவில்லை. அந்தத் தாள் சோதனை எதற்கு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டெமோ நாள் கதையை நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள், ஷூ உட்பட.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி: "அண்ணா, டேக் எல்லாம் சூப்பரா தெரியுது. ஆனா வண்டி போய் சுவத்துல இடிக்குது."

திரையில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, அதைக் கேமராவால் பார்த்து, வரும் படத்தை அதே திரையில் பக்கத்திலேயே காட்டி, இரண்டையும் சேர்த்து ஃபோனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டு கடிகாரத்துக்கும் 180 மில்லிசெகண்ட் வித்தியாசம். நொடிக்கு அரை மீட்டர் ஓடும் வண்டிக்கு அது 90 மில்லிமீட்டர். சுவர் 9 சென்டிமீட்டர் பக்கத்தில் வந்த பிறகும் வண்டி பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. படங்களை வாங்க அவர்கள் பயன்படுத்தும் ஓப்பன்சிவி என்ற மென்பொருளில், வரும் ஃப்ரேம்கள் ஒரு சின்ன வரிசையில் காத்து நிற்கும். கோடு மெதுவாக இருந்தால் நாம் எடுப்பது எப்போதும் அந்த வரிசையின் பழைய ஃப்ரேம். படம் வாங்குவதை, மற்ற வேலைகளோடு சேர்ந்து பக்கத்தில் ஓடும் தனி த்ரெட்டில் போட்டு, கடைசி ஃப்ரேமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறியச் சொன்னேன். இரவே மறுபடி படம் அனுப்பினாள். 60 மில்லிசெகண்ட், அதாவது 30 மில்லிமீட்டர். அந்த வித்தியாசத்தில் திரையின் பங்கும் கொஞ்சம் உண்டு, இருந்தாலும் சுவருக்கு முன் 5 சென்டிமீட்டரில் நிறுத்தும்படி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.